டோய்னா முடிகிற வரை

நான்கு நிமிஷம் என்றுதான் காலையில் சொன்னார்கள். இப்போது ஏழாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும், எட்டாகவும் இருக்கலாம். நாகசுந்தரத்துக்கு எண்ணத் தெரியும், ஐம்பத்து நாலு வயதில் நாற்பத்து மூன்று வருஷத்தை எண்ணியே கழித்தவர், ஆனால் இந்தப் பாட்டில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. தாளமே கிடையாது. டோய்னா என்கிறார்கள் இதை, மனசில் இருக்கிற பாரத்தை இழுத்து இழுத்து வாசித்துத் தீர்க்கிற ருமேனியச் சங்கதி, நம்முடைய ஆலாபனைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம், மிருதங்கக்காரருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, வாத்தியத்தைக் காலில் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மாதான் இப்போது அவரைப் பிடுங்கித் தின்றது. இது முடிந்ததும் ஆட்டப்பாட்டு. ஜ்யாம்பரா என்று பெயர், நம் மிஸ்ர சாப்பு மாதிரி ஏழு எண்ணிக்கைதான், ஆனால் தகிட முன்னால் வராமல் கடைசியில் வந்து நொண்டும், தக தக தகிட, தக தக தகிட, பறக்கிற வேகம், நடுவில் எட்டு ஆவர்த்தனம் அவருக்கு மட்டும் தனி, காலை ஒத்திகையில் அதை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டிருந்தார். அந்த எட்டில் அவருடைய வலது கை மோதிர விரல் மடங்கிக்கொள்ளும். மடங்கலாம் என்றில்லை, மடங்கும். யாஷ் என்ற இந்த ருமேனிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டும் குல்லாயுமாக வந்து உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேர் முன்னால், பக்கத்தில் புல்லாங்குழலை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மந்தாகினி முன்னால், விரல் உள்ளங்கைக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஏழு மாதமாக ஒருத்தருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்தது நாலு மணிக் கச்சேரியில் நாறிப்போகும்.

விரலைப் பார்த்தார். சாதுவாக இருந்தது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். சோறு பிசையும்போது மடங்காது, சட்டைப் பொத்தான் போடும்போது மடங்காது, முந்தாநாள் இங்கே வந்து இறங்கியபோது வாசலில் ஒரு பெண், தோளெல்லாம் சிவப்பு நூல் வேலை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய ரொட்டியும் உப்புக் கிண்ணமும் நீட்டினாளே, விருந்தாளி பிட்டு உப்பில் தொட்டுத் தின்ன வேண்டுமாம், இந்த ஊர் வழக்கமாம், அப்போதும் ஐந்து விரலும் சொன்ன பேச்சுக் கேட்டு அழகாகப் பிட்டன. மிருதங்கத்தின் வலது முகம், அந்த வலந்தலைமேல் கை வைத்தால் மட்டும்தான் வரும். ஆள்காட்டி விரல் ஓரத்தில் விழ வேண்டும், அதே நொடியில் மோதிர விரல் கறுப்பு வட்டத்தின் ஓரமாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், அப்போதுதான் மீட்டு என்கிற சொல் கணீரென்று கேட்கும். அந்தத் தொட்டும் தொடாமலும்தான் போய்விட்டது. ஆவணியில் ஒரு கல்யாணக் கச்சேரியில் முதல் தடவை, கை வியர்த்திருக்கிறது என்று நினைத்தார். இரண்டாவது தடவை தோல் சரியில்லை என்று நினைத்தார். மூன்றாவது தடவை நினைப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் எதுவும் எட்டிப் பார்க்காத ஒரு பேட்டையில் நரம்பு டாக்டரிடம் போனார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும், மிருதங்கம் என்று சொல்ல வாயெடுத்தவர், ஸ்கூல் வாத்தியார் என்று சொல்லிவிட்டார். "எழுதறப்ப விரல் இழுத்துக்குதா?" "ஆமா சார்." "வேற எப்பவும் இல்லையே?" "இல்ல சார்." "அப்ப போர்டுல எழுதறத கொறச்சுக்குங்க. பசங்களயே எழுதச் சொல்லுங்க." டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. அவமானமாக இருந்தது. மனைவி செண்பகத்திடம்கூடச் சொல்லவில்லை.

வயலினில் டோய்னாவை இழுத்துக்கொண்டிருந்த கிழவர் நெக்குலாய் வில்லைக் கீழே இறக்கினார். ஐயோ, இதோ வருகிறது. காலையில் ஒத்திகையில் பார்த்தாயிற்றே, டோய்னாவின் கடைசியில் வில்லை மடியில் வைத்துவிடுவார், வயலினின் தடித்த தந்தியில் குதிரை முடி ஒன்றை முன்னாலேயே முடிச்சுப் போட்டு வைத்திருப்பார், அந்த ஒற்றை முடியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல உருவுவார், உருவ உருவ அந்தத் தந்தி கரகரவென்று ஒரு சத்தம் போடும், தொண்டை கட்டிய மனுஷன் அழுவது போல. வில் இல்லை, மீட்டல் இல்லை, ஒரு முடியை உருவியே எழுபத்தெட்டு வயதுக் கிழவர் பாட்டைக் கொண்டுவந்தார். காலையில் அதைக் கேட்டபோது நாகசுந்தரம் தன் விரலை மறந்து அடடா என்று வாய்விட்டுச் சொன்னார், கிழவர் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார், அடடாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முடியை நாலு தரம் உருவினால் டோய்னா முடிந்தது, உடனே ஆட்டம். காலைக் கணக்கு அது. இப்போதும் உருவுகிறார். ஒன்று. சபையில் யாரோ இருமலை அடக்கினார்கள். இரண்டு. நாகசுந்தரம் வலது கையை வலந்தலைமேல் வைத்தார், வைத்த மாத்திரத்தில் விரலுக்கு மூக்கு வேர்த்துவிட்டது, மெல்ல, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், உள்ளே மடங்கத் தொடங்கியது. மூன்று. நடு விரலை வைத்து ஒப்பேற்றலாம், முதல் பாதியில் மந்தாகினியின் மூன்று உருப்படிகளை அப்படித்தான் ஒப்பேற்றினார், ஆனால் அவை நிதானமான உருப்படிகள், இந்த வேகத்துக்கு நடு விரல் தாங்காது. நான்கு. இதோ. கிழவர் முடியை விட்டுவிட்டு வில்லைக் கையில் எடுத்தார். எடுத்து, ஆட்டத்துக்குப் போகாமல், டோய்னாவை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. ஏன் மறுபடி? மறந்துவிட்டாரா? வயதானவர், மறந்திருக்கலாம். எதிரே அவருடைய மகள் சம்ஃபிரா, சந்தூர் மாதிரிக் கம்பிகளைக் குச்சியால் தட்டி வாசிக்கிற பெட்டி வாத்தியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளும் அவள் கையில் ஆட்டத்துக்குத் தயாராக உயர்ந்து, அப்படியே நின்று, பிறகு தாழ்ந்தன. அவளும் எதிர்பார்க்கவில்லை. நாகசுந்தரம் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆலாபனை நடக்கும்போது பக்கவாத்தியக்காரன் தலையைக் குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் அது மரியாதை, அப்படித்தான் பதினோரு வயதிலிருந்து உட்கார்ந்து பழக்கம், இப்போது அந்த மரியாதை பதுங்குவதற்கும் உதவியது. எத்தனை பதுங்கல். தோல் சரியில்லை என்று தோல்மேல் பழி, மைக் சரியில்லை என்று மைக் ஆள்மேல் பழி, தனிக்கு நேரம் இல்லை என்று தானே முந்திக்கொண்டு சொல்லும் பெருந்தன்மை. டிசம்பர் கச்சேரிகளில் வேகமான கோர்வையெல்லாம் விட்டுவிட்டு வெறும் நடையாக வாசித்துக்கொண்டு போனதற்கு ஒரு விமர்சகர், முதிர்ச்சி தந்த அடக்கம் என்று பத்திரிகையில் எழுதினார். செண்பகம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "இப்பவாவது அடங்குனீங்களே" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்த கையோடு கொல்லைப் பக்கம் போய் விரலைச் சுவரில் வைத்து அழுத்தி அழுத்தி நிமிர்த்தினார். வலித்தது. வலித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

நேற்றுக்கூட அப்படித்தான். வேனில் ஏற்றி ஒரு மடத்துக்குக் கூட்டிப்போனார்கள், வெளிச்சுவர் முழுக்க ஓவியம், உள்ளே இல்லை, வெளியே, மழையிலும் பனியிலும் ஐந்நூறு வருஷமாக நிற்கிற நீலம், அந்த நீலத்தில் செத்தவர்களுக்கு நடக்கிற விசாரணை, ஒரு பக்கம் நெருப்பு ஆறு ஓடுகிறது, பிசாசுகள் ஆட்களைத் தலைமயிரைப் பிடித்து அதில் இழுத்துக்கொண்டு போகின்றன. அந்த ஆற்றில் வாத்தியம் வாசிக்கிறவன் எவனாவது மாட்டியிருக்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மந்தாகினி, "என்ன அண்ணா அப்படி பாக்கறீங்க?" என்று கேட்டாள். "சும்மா மா, கலர் நல்லாருக்கு." அந்த நேரம் பார்த்து ஒரு கன்னியாஸ்திரி கறுப்பு அங்கியோடு வெளியே வந்தாள், தோளில் ஒரு நீளப் பலகை, கையில் சின்ன மரச் சுத்தியல், மடத்தைச் சுற்றி நடந்தபடியே அந்தப் பலகையைத் தட்டினாள், மணிக்குப் பதிலாகத் தட்டிக் கூப்பிடுகிறார்களாம். முதலில் விட்டு விட்டு, பிறகு நெருக்கமாக, பிறகு கதி மாறி, பலகையின் நடுவில் ஒரு நாதம், ஓரத்தில் வேறு நாதம். வெறும் பலகை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு இவ்வளவு சுத்தமான கணக்கை? நாகசுந்தரத்துக்கு உடம்பு சிலிர்த்தது, திரும்பி வரும்போது வேன் சீட்டில் அந்தத் தட்டலை மிருதங்கச் சொல்லாக வாசித்துப் பார்க்கலாமென்று விரல் வைத்தார், நாலாவது சொல்லில் விரல் மடங்கியது. மிருதங்கத்தில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது இப்போது சீட்டிலும். பரவுகிறதோ? அடுத்து மேஜையிலா, அடுத்து சோற்றுத் தட்டிலா? ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவர் கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார்.

மறுபடி முடி உருவும் சத்தம். இரண்டாம் தடவை. இப்போதாவது முடியும், முடியக் கூடாது, முடியட்டும், கடவுளே, எதைக் கேட்பது என்று தெரியவில்லை. மந்தாகினி லேசாக அசைந்தாள், அவள் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த சிவப்பும் வெள்ளையுமான நூல் குஞ்சம் ஆடியது, இவர் ஜிப்பாவிலும் ஒன்று இருக்கிறது, மார்ச் மாதம் பிறந்தால் இங்கே ஒருவருக்கொருவர் குத்திவிடுகிறார்கள், காலையில் சம்ஃபிரா குத்திவிட்டாள். மந்தாகினி நல்ல பெண், ஆனால் கச்சேரி விஷயத்தில் கறார். போன வருஷம் வயலின்காரருக்குக் காது மந்தமாகிறது என்று தெரிந்த மறு வாரமே வேறு ஆளைப் போட்டாள், அவர் வீட்டுக்குப் பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், இரண்டையும் செய்வாள். இந்த ருமேனியப் பயணத்துக்கு அவரை அவள் கூப்பிட்டபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் பேராசையா என்றால் அதுவும் இல்லை, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், அந்த ஏனுக்குப் பயந்துதான் ஏழாயிரம் கிலோமீட்டரோ என்னவோ பறந்து வந்து இந்தக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மிருதங்கம் இல்லாவிட்டால் நாகசுந்தரம் யார்? திருவாரூர்ப் பக்கம் பிறந்த, எட்டாம் வகுப்பு தாண்டாத, பேசத் தெரியாத ஒரு ஆள். மூன்று. நான்கு. வில்லை எடுக்கிறார். மறுபடியும் டோய்னா.

இந்த முறை சபையிலும் ஒரு சலசலப்பு. கிழவரின் பூட்ஸ் முனை நடுங்கியது. அப்போதுதான் நாகசுந்தரத்துக்குக் கேட்டது, வில் தந்தியில் சரியாகப் படியவில்லை, நீள ஸ்வரங்கள் பாதியில் உடைகின்றன, கை அசந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதுக் கை. மறதி இல்லை இது, மறந்தவன் ஒரே இடத்தில் இரண்டு தரம் திரும்ப மாட்டான், வேண்டுமென்றே திரும்புகிறார், எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார். எதற்கு? யாருக்கு? காலை ஒத்திகை முடிந்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார், மொழிபெயர்க்க வந்திருந்த இரினா என்ற பெண் சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சொன்னாள், மந்தாகினி தமிழில் சொன்னாள். "அண்ணா, தாத்தா கல்யாண வீட்டுல மூணு நாள் விடாம வாசிக்கிற பரம்பரையாம். கூட வாசிக்கிறவங்க ஒருத்தன் அசந்து தூங்கியிருப்பான், ஒருத்தன் வாயில சோறு இருக்கும். அதனால ஒவ்வொருத்தரும் தன் கண்ண நேருக்கு நேரா பாக்காம ஆட்டத்த ஆரம்பிக்கவே மாட்டாராம். ஒருத்தர விட்டுட்டுப் போறது அவங்க குடும்பத்துல கிடையாதாம்." சரி மா, சரி மா என்று தலையாட்டினார். எதற்கும் தலையாட்டிவிடுவது அவர் சுபாவம். காலையில் அடடா என்று நிமிர்ந்தாரே, அதையே பார்வை என்று எடுத்துக்கொண்டுதான் கிழவர் அப்போது உடனே ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்போது கால் மணிக்கு மேலாக மரியாதை என்ற பெயரில் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சம்ஃபிரா பார்த்திருப்பாள். மந்தாகினி பார்த்திருப்பாள். பாக்கி ஒரே ஒருவர். ஐயோ, பாவி, உனக்காகத்தானடா அந்த மனுஷன் கை ஒடிய வாசித்துக்கொண்டிருக்கிறார்.

நிமிர வேண்டும். அவ்வளவுதான் வேலை, கழுத்தை நாலு விரற்கடை தூக்க வேண்டும். தூக்கினால் ஆட்டம் ஆரம்பித்துவிடும், ஆரம்பித்தால் எட்டு ஆவர்த்தனம், எட்டு ஆவர்த்தனத்தில் விரல். தூக்காவிட்டால் கிழவர் விட மாட்டார், குடும்பப் பழக்கம், கை விழுகிற வரை வாசிப்பார், அந்தக் கை விழுந்தால் அது யார் கணக்கில் சேரும்? மயக்கம் வருகிற மாதிரிச் செய்யலாமா? எழுந்து போய்விடலாமா, வயிறு சரியில்லை என்று? ஏழு மாதமாக இதற்கெல்லாம் ஒரு சாக்கு தயாராக வந்து நிற்கும், இன்றைக்கும் வந்து நின்றது, ஒன்றல்ல, மூன்று. வலது கையைப் பார்த்தார், வலந்தலைமேல் விரல் முழுசாக மடங்கி, யாருக்கு வந்த விருந்தோ என்று கிடந்தது. மூன்றாம் தடவையாக முடி உருவும் சத்தம் கேட்டது, இந்தத் தடவை அது பாட்டாகவே இல்லை, முடி பிசிறிப்போய்க் கிழவரின் விரல்களுக்கு நடுவில் அரைகுறையாக முனகியது. ஒன்று. இரண்டு. நாகசுந்தரம் நிமிர்ந்தார்.

கிழவரின் கண்கள் சாம்பல் நிறம். கோபம் இல்லை அவற்றில், இரக்கமும் இல்லை, கல்யாண வீட்டில் தூங்கிப்போனவனை எழுப்பிப் பழகிய கண்கள், என்ன, போகலாமா என்று கேட்டன. வழக்கப்படி தலை தானாக ஆடப் பார்த்தது. சரி என்று ஆடிவிட்டால் ஆயிற்று. நாகசுந்தரம் அதை நிறுத்தினார். வலது கையை மிருதங்கத்திலிருந்து எடுத்து, மடங்கிய விரல் மடங்கியபடியே, மார்பு உயரத்துக்குத் தூக்கிக் கிழவருக்குக் காட்டினார். முந்நூறு பேருக்கும் தெரிகிற மாதிரிதான். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். கிழவர் அந்த விரலைப் பார்த்தார், எத்தனை நேரம் என்று எண்ண முடியவில்லை. பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் மாறாமல், மோவாயை அசைத்து மிருதங்கத்தின் இடது பக்கத்தைக் காட்டினார். அது இருக்கிறதா?

இருந்தது. இடது முகமான தொப்பியில் உள்ளங்கை விழுந்தது, தொம் என்று ஒரே ஒரு அடி, மேடைப் பலகை அதிர்ந்தது. அந்த அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு கிழவரின் வில் பறந்தது, சம்ஃபிராவின் குச்சிகள் கம்பிகள்மேல் இறங்கின, சபை கையைத் தட்டத் தொடங்கியது, தக தக தகிட, தக தக தகிட. அழகாக வந்தது என்று சொல்ல முடியாது. முதல் சுற்றில் ஓரிடத்தில் இடறினார், வலது கை பழக்க தோஷத்தில் வலந்தலையைத் தேடி இரண்டு தரம் போய்த் திரும்பி வந்து மடியில் படுத்தது. ஒற்றைக் கையால் ஏழு எண்ணிக்கையைத் தூக்குவது லேசில்லை. புல்லாங்குழலுக்கு இரண்டாம் சுற்றில்தான் வேலை, மந்தாகினி குழலை இறக்கிப் பிடித்தபடி அவர் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணா, என்ன ஆச்சு? வலந்தலைய தொடவே இல்லையே?"

"விரல் மடங்குது மா." கை நிற்கவில்லை. "ஏழு மாசமா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னயக் கூப்பிட்டிருக்க மாட்ட."

மந்தாகினி பொய் சொல்லத் தெரியாதவள். கிழவர் முதல் சுற்றை முடித்துக்கொண்டிருந்தார், அவளுக்கு இன்னும் இரண்டு ஆவர்த்தனம்தான் இருந்தது. "மாட்டேன்தான்" என்றாள். சொல்லிவிட்டுக் குழலை உதட்டில் வைத்துக்கொண்டாள், அவள் கண் கலங்கியிருந்தது.

ஏழு மாதமாக எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ அந்த வார்த்தை வந்து விழுந்தாயிற்று. நாகசுந்தரம் கேட்டுக்கொண்டார். வலித்தது, நினைத்ததைவிட நிறையவே வலித்தது. ஏழு முடிந்து அடுத்த ஏழின் முதல் அடி வந்துகொண்டிருந்தது, அதை இடது கையால் போட்டார்.